புறப்படும் தேதி யார் கையில்?

வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிக்கும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “எப்போது கிளம்ப வேண்டும்?” என்பதுதான். அதற்கான பதில், விண்ணப்பிப்பவரின் நாட்காட்டியில் இல்லை.

1961 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு விமானம் தரையிறங்கியது. அதிலிருந்து 51 ஆசிரியர்கள் இறங்கினார்கள். வரவேற்க வந்தவர்களின் எதிரில், விமான நிலையத்திலேயே வரிசையாக நின்று, அந்த மண்ணின் ட்வி மொழியில் ஒரு பாட்டைப் பாடினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்த பயிற்சியில் கற்றுக்கொண்டது அது. உச்சரிப்பு எப்படி இருந்திருந்தாலும், வந்தவர்கள் தங்கள் மொழியில் வாய் திறந்தார்கள் என்பது கானா மக்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் முதல் அணி அதுதான்.

ஆணைக்கும் விமானத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மாதம். இல்லாத ஒரு அமைப்பை உருவாக்கி, ஆளெடுத்து, மொழி கற்பித்து, கடல் கடந்து கொண்டுபோய் இறக்க அன்று ஆறு மாதம் போதுமானதாக இருந்தது. இன்று, அறுபது ஆண்டு அனுபவம் உள்ள அதே அமைப்பில் ஒரே ஒருவர் விண்ணப்பித்துக் கிளம்புவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகிறது. அலுவலக மெத்தனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் எங்கே, எதற்காக நாட்கள் செலவாகின்றன என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். அப்படிப் பார்க்காமல் வேலையை முன்கூட்டியே விட்டவர்களும், பொறுமை இழந்து வாய்ப்பைக் கைநழுவ விட்டவர்களும் நிறையப் பேர். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பெற்றோரும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி

முதலில் ஒரு விஷயம். கிளம்பும் தேதியை வாஷிங்டனில் இருக்கும் அலுவலகம் தன் வசதிக்கு முடிவு செய்வதில்லை. மண்டபம் கிடைக்கிற நாளைப் பார்த்துக் கல்யாணத் தேதி குறிப்பது போல, போய்ச் சேரும் நாட்டில் பள்ளி என்றைக்குத் திறக்கிறது, மழை என்றைக்குத் தொடங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் விமானத் தேதி குறிக்கப்படுகிறது.

தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது. பீஸ் கோர் அணி ஜனவரியில் போய் இறங்குகிறது. ஏறக்குறைய பத்து வாரம் தாய் மொழிப் பயிற்சி, கற்பித்தல் பயிற்சி, உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கல். மார்ச்சில் பதவிப் பிரமாணம். அதன் பிறகு ஊருக்குப் போய், தலைமை ஆசிரியரையும் ஊர்ப் பெரியவர்களையும் பார்த்துப் பேசி, கடைத்தெருவில் முகம் பழகுவதற்குள் பள்ளி திறந்துவிடும். ஆக, மே மாத நடுவில் ஒரு வகுப்பறையில் போய் நிற்க வேண்டும் என்றால், அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

ஜாம்பியா, தான்சானியா, கென்யா போன்ற நாடுகளில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். விவசாயப் பணிக்குப் போகிறவருக்குப் பள்ளி மணி முக்கியமில்லை, விதைப்புதான் முக்கியம். மழைக்குப் பிறகு போய் இறங்கினால் முதல் ஆண்டு முழுக்க வேடிக்கை பார்க்கத்தான் முடியும். எனவே ஒரே துறை, ஒரே தகுதி, ஒரே நாளில் விண்ணப்பித்த இருவர்கூட வெவ்வேறு மாதங்களில் கிளம்புவார்கள். “என்னோடு விண்ணப்பித்தவன் போய்விட்டான், எனக்கு இன்னும் தேதி வரவில்லை” என்று புலம்புவதில் அர்த்தமே இல்லை. அவன் போன நாட்டில் மழைக்காலம் வேறு.

இன்னொரு குழப்பம், கிளம்பும் நாளைப் பணி தொடங்கும் நாளாக எண்ணிக்கொள்வது. பீஸ் கோரில் மொத்தக் காலம் 27 மாதம். முதல் மூன்று மாதம் பயிற்சி. அதுவரை அவர் ‘பயிற்சி பெறுபவர்’ மட்டுமே. பிரமாணம் எடுத்த பிறகுதான் ‘தன்னார்வலர்’ ஆகிறார். 24 மாதக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும். வீட்டில் “ரெண்டே வருஷம்தான்” என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த மூன்று மாதத்துக்கு அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கே போகிறோம் என்றே தெரியாத காலம்

இந்த அமைப்பின் விதை ஒரு நள்ளிரவில் விழுந்தது. 1960 அக்டோபர் 14, அதிகாலை இரண்டு மணி. தேர்தல் பிரசாரத்தில் இருந்த கென்னடி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் படிக்கட்டில் நின்று, தனக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். மருத்துவம் படிப்பவர்கள் கானாவில் பணியாற்றத் தயாரா, பொறியாளர்கள் வெளிநாடுகளில் உழைக்கத் தயாரா என்பதுதான் அந்தக் கேள்வி. திட்டம் எதுவும் கையில் இல்லாமல் கேட்கப்பட்ட கேள்வி அது. மாணவர்கள் சும்மா விடவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தி, பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தேர்தலில் வென்ற கென்னடி, தன் மைத்துனர் சார்ஜன்ட் ஷ்ரைவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1966இல் 15,000க்கும் மேற்பட்டவர்கள் களத்தில் இருந்தார்கள். இன்றுவரை 140க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,40,000 பேருக்கு மேல் பணியாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் பல பத்தாண்டுகளாக, விண்ணப்பித்தவருக்கு எந்த நாடு என்பதே தெரியாது. படிவத்தை நிரப்பவே பல மணி நேரம் ஆகும். நேர்காணல் முடிந்ததும், இந்தக் கண்டம், தோராயமாக இந்த மாதம் என்று மட்டும் சொல்வார்கள். பிறகு மாதக்கணக்கில் மௌனம். ஒரு நாள் அஞ்சலில் தடிமனான உறை வரும், பிரித்தால்தான் நாட்டின் பெயர். இடையில் வேறு வேலை கிடைத்துப் போனவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! 2013இல் விண்ணப்பங்கள் ஏறக்குறைய 10,000 என்ற அளவுக்கு வந்துவிட்டன.

2014 ஜூலையில் அப்போதைய இயக்குநர் கேரி ஹெஸ்லர் ராடலெட் அந்த முறையை மாற்றினார். ஒரு மணி நேரத்தில் நிரப்பக்கூடிய படிவம் வந்தது. நாட்டையும் துறையையும் விண்ணப்பிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு பணியிடத்தோடும் தேதிகள் அறிவிக்கப்பட்டன: எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எந்த நாளுக்குள் முடிவு தெரியும், எந்த நாளில் புறப்பாடு. அந்த ஆண்டே விண்ணப்பங்கள் 17,000ஐத் தாண்டின. அடுத்த ஆண்டு 23,000ஐ நெருங்கின. சம்பளம் கூடவில்லை, பணிக்காலம் குறையவில்லை. தேதி தெரிந்தது, அவ்வளவுதான். காத்திருக்க மனிதர்கள் தயங்குவதில்லை. எதற்காக, எதுவரை காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. தன்னார்வலர்களை அனுப்பும் எந்த அமைப்பும் இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

கடைவாய்ப் பல்லும் கைரேகையும்

அழைப்பு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. அழைப்பு என்பது நிபந்தனையோடு வருவது. மருத்துவ அனுமதி, சட்ட அனுமதி இரண்டும் கிடைத்தால்தான் விமானம்.

சட்ட அனுமதி சுலபமாகப் புரியும். கைரேகை கொடுக்க வேண்டும், குற்றப் பின்னணி இருக்கிறதா என்று புலனாய்வுத் துறை பார்க்கும். இதில் ஒரு விதி கவனிக்கத்தக்கது. சி.ஐ.ஏ.வில் ஒருகாலத்தில் வேலை பார்த்தவர்கூட வாழ்நாள் முழுக்க பீஸ் கோரில் சேர முடியாது. வேறு உளவுத் துறைகளில் இருந்தவர்களுக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு. தன்னார்வலர் என்ற பெயரில் ஒற்றர் வந்துவிட்டார் என்ற சந்தேகம் ஒரு கிராமத்தில் எழுந்துவிட்டால், பிறகு அந்த நாட்டில் யாரும் நிம்மதியாகப் பாடம் நடத்த முடியாது. இந்தச் சரிபார்ப்புக்குச் சில வாரங்கள் போனால் போகட்டும்.

மருத்துவ அனுமதிதான் பலரைத் திணறடிக்கிறது. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். விண்ணப்பிப்பவரின் உடல்நல வரலாற்றைப் பார்த்து, அவருக்கென்றே ஒரு பட்டியல் வரும். முழு உடல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனைகள், காசநோய்ச் சோதனை, தடுப்பூசி ஆவணங்கள், கண்ணாடிக்கான பவர் சீட்டு, பல் மருத்துவரின் அறிக்கை, பல் எக்ஸ்ரே என்று நீளும். ஒவ்வொன்றும் தனித்தனி மருத்துவரிடம் நேரம் வாங்க வேண்டிய வேலை. அமெரிக்காவில் பல் மருத்துவரிடம் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

கடைவாய்ப் பல் விஷயத்தில்தான் பலர் எரிச்சலடைகிறார்கள். வலியே இல்லாத ஞானப்பல்லை ஏன் பிடுங்கச் சொல்கிறார்கள்? போகிற கிராமத்தில் நின்று யோசிக்க வேண்டும். நள்ளிரவில் தாடை வீங்கிவிட்டது. பக்கத்து நகரத்துக்குக் காலையில்தான் வண்டி. அந்த நகரத்திலும் பல் மருத்துவர் இல்லை, தலைநகருக்குப் போக இன்னும் ஒரு நாள். அதற்குள் தொற்று பரவினால்? தொந்தரவு தரக்கூடிய பல்லை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. சில வகை மலேரியா, ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை ஒழிக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரை, இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டு வம்சாவளியினரிடமும் இந்தக் குறைபாடு காணப்படுகிறது. எனவே தமிழ்க் குடும்பங்களிலிருந்து போகிறவர்கள் இந்தச் சோதனையை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது.

மனநலச் சிகிச்சை சமீபத்தில் பெற்றவர்களுக்கு, நிலைமை சீராகி ஒரு குறிப்பிட்ட காலம் ஆகட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். இதை மறைக்க நினைப்பவர்கள் உண்டு. மறைக்கவே கூடாது. எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சிகிச்சை கிடைக்கும் நாட்டுக்கு அனுப்ப வழி தேடுவார்கள். மறைத்துவிட்டுப் போனால், பேச்சுத் துணைக்குக்கூடத் தன் மொழி பேசும் ஆள் இல்லாத இடத்தில், மருந்து தீர்ந்த நிலையில் தனியாக நிற்க நேரும். ஒரு நாட்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டால் எல்லா நாட்டுக்கும் மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை. எந்த நோய்க்கு எந்த நாட்டில் மருத்துவ வசதி உண்டு என்பதைப் பொறுத்தது அது. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

இவற்றோடு, பணிக்கென்று கட்டணமில்லாத தனி பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் மனு போகும். தன்னிடம் இருக்கும் சொந்த பாஸ்போர்ட் இதற்குச் செல்லாது. எல்லாம் கைக்கு வந்த பிறகு, அமெரிக்காவின் ஏதாவதொரு நகரத்தில் அணியினர் எல்லோரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஒரு நாள் அறிமுகமும் ஆவண வேலையும் நடக்கும். மறுநாள் விமானம்.

வேலையை எப்போது விடுவது?

அழைப்புக் கடிதம் வந்தவுடன் அல்ல. இரண்டு அனுமதிகளும் எழுத்தில் வந்த பிறகுதான். இதைவிட அழுத்தமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பது, காரை விற்பது, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

பணம் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். களத்தில் கிடைக்கும் மாதப் படி, அந்த ஊர்க்காரர்களைப் போல வாழ்வதற்கு மட்டுமே போதும். சேமிக்க முடியாது, சேமிக்கும்படி அது திட்டமிடப்படவும் இல்லை. முழுக் காலமும் முடித்துத் திரும்பும்போது, மறுவாழ்வைத் தொடங்க 10,000 டாலருக்கும் மேலான தொகை தருகிறார்கள். மருத்துவச் செலவு அமைப்பினுடையது. விடுப்பு மாதத்துக்கு இரண்டு நாள். திரும்பியவர்களுக்கு மத்திய அரசு வேலைகளில் ஓராண்டுக்குச் சலுகை, சில பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு உதவி. மத்திய அரசின் கல்விக் கடன் வைத்திருப்பவர்கள் தவணையை ஒத்திவைக்கக் கேட்கலாம். தனியார் வங்கிக் கடன் வேறு கதை. கடன் கொடுத்தவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்யாவிட்டால், வட்டியைக் கட்டும் பாரம் பெற்றோர் தலையில் விழும்.

தேதி உறுதியான பிறகும் அது கலைந்து போகலாம். 2020 மார்ச் 15 அன்று, கொரோனா காரணமாக உலகெங்கும் இருந்த எல்லாத் தன்னார்வலர்களையும் திரும்ப அழைப்பதாக பீஸ் கோர் அறிவித்தது. 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பேர் ஊர் திரும்பினார்கள். அமைப்பின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பலருக்கு வகுப்பு மாணவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவகாசம் இல்லை. பயிற்சிக்குக் கிளம்பப் பெட்டி கட்டியிருந்தவர்களின் புறப்பாடும் ரத்தானது. அடுத்த அணி மீண்டும் களத்துக்குப் போனது 2022 மார்ச்சில், ஜாம்பியாவுக்கும் டொமினிகன் குடியரசுக்கும். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் உள்ளூரிலேயே ஆசிரியராகவோ சுகாதாரப் பணியாளராகவோ இருந்து கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருந்தவர்கள், அனுபவம் கூடியவர்களாகத் திரும்ப விண்ணப்பித்திருப்பார்கள். தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் கையில் இருப்பது அவசியம்.

அறுபத்தெட்டு வயதில் விக்ரோலி

வயது தடையா? 18 நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1966இல், ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கைம்பெண் பீஸ் கோரில் சேர்ந்தார். தொழில்முறை செவிலியரான அவருக்கு வயது 68. சிகாகோவில் பயிற்சி முடித்து, மும்பையை அடுத்த விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகள் உட்பட, வந்தவர்களுக்கெல்லாம் அங்கே சேவை செய்தார். அவர் பெயர் லில்லியன் கார்ட்டர். பத்தாண்டு கழித்து அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்காவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். லில்லியனின் கொள்ளுப்பேரன் ஜேசன் கார்ட்டரும் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இதே அமைப்பில் பணியாற்றினார்.

லில்லியன் தனி உதாரணமல்ல. 1961 இறுதியில் பஞ்சாபுக்கு வந்த முதல் அணியில் தொடங்கி 1976 வரை, 4,000க்கும் அதிகமான பீஸ் கோர் தன்னார்வலர்கள் இந்தியாவில் இருந்தார்கள். கோழிப்பண்ணை, சத்துணவு, பள்ளி, பொதுச் சுகாதாரம் என்று பல துறைகளில் வேலை பார்த்தார்கள். அவர்கள் வந்தபோது, நம் கிராமங்களில் அவர்களை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசவும் சாப்பிடவும் கற்றுக்கொடுத்தது நம் மக்கள்தான். வெளிநாட்டுத் தன்னார்வப் பணியில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதை அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

மூன்று மாதப் பயிற்சி ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1961 அக்டோபரில், நைஜீரியாவின் இபதானில் பயிற்சியில் இருந்த ஒரு பெண், அங்கே மக்கள் வாழும் நிலையைப் பற்றித் தன் நண்பருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதினார். திறந்த அட்டை அல்லவா, அது வேறு கைக்குப் போனது. எழுதியிருந்ததைப் படித்த பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அமைப்பு பிறந்த ஏழே மாதத்தில் அதன் பெயருக்கு ஆபத்து வந்துவிட்டது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பார்த்து அதிர்ந்ததைத் தன் ஊர்க் கண்ணால் எழுதிவிட்டார். ஒரு ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஊரோடு பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அத்தனை வாரங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கு வழி என்ன?

பீஸ் கோர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். ஜப்பானிடம் 1965 முதல் இதே போன்ற அமைப்பு இருக்கிறது, அதுவும் ஜப்பானியருக்கே. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிக்க விரும்புகிறவர்களுக்கு, எல்லா நாட்டினருக்கும் திறந்திருக்கும் பெரிய வாசல் ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம். 1970 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம்.

இங்கே நடைமுறை வேறு. ஆண்டுக்கு ஒருமுறை அணி அனுப்பும் முறை இல்லை. இணையத்தில் உங்கள் படிப்பு, அனுபவம், மொழித் திறன் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். ஏதாவதொரு ஐ.நா. அமைப்பு, ஏதாவதொரு நாட்டில் ஒரு பணியிடத்தை அறிவிக்கும்போது அதற்கென்று விண்ணப்பிக்க வேண்டும். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27க்கு மேல் துறை வல்லுநர் பிரிவு. அனுபவம் மிகுந்தவர்களுக்கு 35 வயதுக்கு மேல் தனிப் பிரிவு. தேர்வு செய்வது அந்தந்த ஐ.நா. அமைப்பு. வாழ்க்கைப் படி, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் கிடைக்கும். செவிலியர், பொறியாளர், கணக்காளர், தகவல் தொடர்பு, மனித உரிமை என்று பலதரப்பட்டவர்களும் தேவைப்படுகிறார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கதவு திறக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேர்வானதும் மருத்துவச் சான்று, இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சி, விசா என்று வரிசையாக வரும். விசா தருவது போய்ச் சேரும் நாடு. அந்தத் தூதரகம் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளும் என்பது ஐ.நா.வின் கையில்கூட இல்லை. நம் கையில் இருப்பதை நாம் முன்பே முடித்து வைக்கலாம். பாஸ்போர்ட்டின் ஆயுள் தாராளமாக இருக்கிறதா? பட்டச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா? நம் ஊரில் இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறி மாறி விழுந்து பாடாய்ப் படுத்தும். அழைப்பு வந்த பிறகு கெஜட் அலுவலகத்துக்கு ஓடினால் தேதி தப்பிவிடும். காவல் துறை நன்னடத்தைச் சான்று கேட்டால், அதைப் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ பல நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். இது தெருமுனை கிளினிக்கில் போடுகிற ஊசி அல்ல. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகைய இடங்கள். மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், எனவே பயணத்துக்கு முந்தைய நாள் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலை முதல் அந்தச் சான்றுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி உண்டு. அப்புறம், நோய் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அந்தச் சின்ன மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

காத்திருக்க முடியாதவர்களுக்குச் சந்தையில் வேறு சரக்கும் கிடைக்கிறது. பணம் கட்டினால் அடுத்த மாதமே விமானம், இரண்டு வாரம் ஆதரவற்றோர் இல்லத்தில் ‘சேவை’, கை நிறைய போட்டோ. இதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கம்போடியாவில் ஆதரவற்றோர் இல்லங்களில் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வெளிநாட்டவர் தரும் பணத்துக்காகவே இல்லங்கள் பெருகின, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு புதிய முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைக்கு நன்மையா என்று கேட்டுப் பாருங்கள். பின்னணிச் சரிபார்ப்பு கிடையாது, மருத்துவக் கேள்வி கிடையாது, மொழிப் பயிற்சி கிடையாது. உடனே கிளம்பலாம் என்று ஒருவர் சொன்னால், போய் இறங்கும் ஊரைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்றுதான் பொருள்.

போகத் துடிக்கிறவர்கள், தேதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் அதே திட்டத்தில், வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு என்று உதவ வழி இருக்கிறது. செய்த வேலை உங்கள் பதிவில் ஏறும், நேர்காணலில் பேசுவதற்கும் விஷயம் இருக்கும். அரசுப் பள்ளியில் மாலை வகுப்பு எடுத்த அனுபவமும், வெள்ள நிவாரண முகாமில் நின்ற அனுபவமும் அங்கே மதிக்கப்படும். எப்போது, எங்கே, யாருடைய மேற்பார்வையில் என்று குறிப்பு எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் பதிவுக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பீஸ் கோரில் சேரவும் கட்டணம் கிடையாது. “முன்பணம் கட்டுங்கள், சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள்.